ஃபார்மேட் என்கிற சர்வரோக நிவாரணி

நம்ம ஊர்ல கம்ப்யூட்டருக்கு என்ன வியாதி வந்தாலும் மருந்து ஒண்ணுதான். பொட்டி மெதுவா ஓடுதா? ஃபார்மேட். பிரிண்டர் வேலை செய்யலையா? ஃபார்மேட். பாட்டு கேட்டுட்டு இருக்கும்போதே படக்குனு அணைஞ்சு தானா ரீஸ்டார்ட் ஆகுதா? கேக்கவே வேணாம். "வைரஸ் சார், ஃபார்மேட் அடிச்சா சரியாயிடும்." பஸ் ஸ்டாண்டுல லேகியம் விக்கிறவன் கூட வயித்து வலிக்கு ஒண்ணு, மூட்டு வலிக்கு ஒண்ணுன்னு ரெண்டு டப்பா வச்சிருப்பான் :-)

மத்த வியாதியெல்லாம் எப்படியோ போகட்டும். நேரங்காலம் இல்லாம தானா அணைஞ்சு தானா எழுந்திருக்கிற பொட்டியைப் பத்தி மட்டும் பேசுவோம். அதுக்கு ஃபார்மேட் அடிக்கிறது வைத்தியமே இல்லை. கொலை நடந்த வீட்டைக் கழுவி விட்டுட்டு, "வீடு சுத்தமா இருக்கு, கேஸ் முடிஞ்சது"ன்னு சொல்ற வேலை.

ஏன்னு சொல்றேன். விண்டோஸ் தாங்க முடியாம விழும்போது திரையில ஒரு பிழைச் செய்தி காட்டும். ஆனா உடனே ரீஸ்டார்ட் ஆகுற மாதிரிதான் மைக்ரோசாஃப்ட் செட் பண்ணி வச்சிருக்கு. படிக்கறதுக்குள்ள போயிடும். சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்ட், ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரின்னு போய் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துட்டா செய்தி அப்படியே நிக்கும். போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கலாம். அது போக, விழுந்த கணத்துல என்ன நடந்ததுங்கிற குறிப்பு பெரும்பாலும் சி டிரைவ்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள மினிடம்ப்னு ஒரு இடத்துல சேர்ந்திருக்கும். ஈவண்ட் வியூவர்லயும் 'கெர்னல் பவர் 41'னு ஒரு வரி இருக்கும்.

அந்த 41ஐப் பாத்து "பவர் சப்ளை போச்சு"ன்னு முடிவு கட்டுற அவசரக் குடுக்கைகளும் உண்டு. அதோட அர்த்தம் 'போன தடவை பொட்டி ஒழுங்கா அணைக்கப்படலை', அவ்வளவுதான். அதுக்குள்ள 'பக்செக் கோட்'னு ஒரு எண் இருக்கும், அதைத்தான் பாக்கணும். பூஜ்யம்னா விண்டோஸுக்கே விஷயம் தெரியாது, பேசிட்டு இருக்கும்போதே யாரோ கழுத்தைப் பிடிச்ச மாதிரி. அப்போ கரண்ட், எஸ்எம்பிஎஸ், ரீசெட் பட்டன், மொத்தமா உறைஞ்சு போறதுன்னு அந்தப் பக்கம் தேடணும். எண் இருந்தா, எந்த வகைப் பிழைன்னு பிடிக்க ஒரு நூல் கிடைச்சாச்சு. ஒவ்வொரு தடவையும் வேற வேற பிழை வந்தா முதல் சந்தேகம் ராம் மேல.

இந்தத் தடயம் எல்லாம் எங்க இருக்கு? சி டிரைவ்ல. ஃபார்மேட் அடிச்சா முதல்ல போறது எது? அதே சி டிரைவ். கைரேகை நிபுணர் வர்றதுக்கு முன்னாடி பினாயில் போட்டுத் துடைச்சாச்சு!

"ஆனா ஃபார்மேட் பண்ணா சரியாகுதே?"ன்னு கேப்பீங்க. ரெண்டு நாளைக்கு ஆகும். பொட்டியைக் கழட்டித் தூக்கிட்டுப் போகும்போது லூசா இருந்த ஒயர் ஒண்ணு தானா உக்காரும். கடையில வேற ப்ளக்கு, வேற கரண்ட். மூடியைக் கழட்டி ஃபேன் காத்துல வச்சிருப்பாங்க. புதுசா போட்ட விண்டோஸ்ல கனமான வேலையும் எதுவும் ஓடாது. வீட்டுக்கு வந்து, அதே ப்ளக்கில் சொருகி, பையன் கேம் ஆரம்பிச்சதும் திரும்ப 'டப்'. உடனே கடைக்காரர், "பென் டிரைவ் போட்டீங்களா சார்? அதான் வைரஸ் வந்துடுச்சு"ம்பார். பழி இப்ப உங்க தலையில!

சரித்திரத்தை எடுத்துப் பாப்போம். 2003 ஆகஸ்ட்ல ப்ளாஸ்டர்னு ஒரு புழு வந்துச்சு. "60 நொடியில் அணையப் போகிறேன்"னு எண்ணிக்கிட்டே எக்ஸ்பி பொட்டிகளைச் சாய்ச்சுது. அது நிஜமாவே வைரஸ் வகைதான். ஆனா ஓட்டையை அடைக்கிற பேட்ச் போடாம வெறும் ஃபார்மேட் அடிச்சு நெட்டுல இணைச்சா, கொஞ்ச நேரத்துல திரும்ப வந்து உக்காந்துச்சு. நிஜமா வைரஸ் வந்தப்பவே ஃபார்மேட் மட்டும் போதலைங்கறதைக் கவனிங்க.

அதே 2000களின் தொடக்கத்துல தரமில்லாத கெப்பாசிட்டர்கள் உலகம் பூரா மதர்போர்டுகளுக்குள்ள போயிடுச்சு. தலை உப்பி, சாறு கசிஞ்சு, பொட்டி இஷ்டத்துக்கு ரீஸ்டார்ட் ஆச்சு. உப்பின கெப்பாசிட்டருக்கு எத்தனை தடவை விண்டோஸ் போட்டாலும் வீக்கம் வடியுமா?

கிட்டத்துல பாருங்க. 2024ல இன்டெலோட 13, 14வது தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் பலது காரணமில்லாம விழுந்துச்சு. தேவைக்கு அதிகமான வோல்டேஜ் போனதுதான் காரணம்னு இன்டெலே ஒத்துக்கிட்டு, பயாஸ் அப்டேட் வழியா திருத்தம் குடுத்துது, வாரண்டியையும் 2 வருஷம் நீட்டிச்சுது. ஏற்கனவே கெட்டுப்போன பிராசசரை அந்தத் திருத்தமும் காப்பாத்தாது, மாத்தித்தான் ஆகணும். அதே வருஷம் ஜூலை 19 அன்னிக்கு க்ரவுட்ஸ்ட்ரைக் அப்டேட்டால சுமார் 85 லட்சம் விண்டோஸ் பொட்டிங்க விழுந்ததா மைக்ரோசாஃப்ட் கணக்கு சொல்லுச்சு. அதுக்கு வைத்தியம்? சேஃப் மோடுல போய் ஒரே ஒரு ஃபைலை அழிக்கிறது.

நாலு கேஸ், நாலு காரணம். நாலுலயும் ஃபார்மேட் சரியான முதல் பதில் இல்லை.

வெறும் காசு நஷ்டம்னா இவ்வளவு கத்த மாட்டேன். எங்க தெருவுல ஒரு ரிட்டையர்டு வாத்தியார். அவர் பொட்டிக்கு இந்த வியாதி. பக்கத்துக் கடையில ஒரு தடவை ஃபார்மேட் அடிச்சாங்க. மூணு வாரத்துல திரும்ப வந்ததும், "டி டிரைவ்லயும் வைரஸ் இருக்கு"ன்னு பார்ட்டிஷனையே அழிச்சுப் புதுசா போட்டுட்டாங்க. காலமான அவர் சம்சாரத்தோட போட்டோ எல்லாம் அந்த டி டிரைவ்லதான் இருந்துச்சு. வேற நகல் கிடையாது. அதுக்கப்புறமும் ரீஸ்டார்ட் நிக்கலைன்னு என்னைக் கூப்பிட்டார். கேபினெட்டுல ரீசெட் பட்டன் உள்ள போய்ச் சிக்கியிருந்துச்சு. மதர்போர்டுல அதோட ரெண்டு பின் ஒயரை உருவி விட்டேன். அதுக்கப்புறம் பொட்டி விழவே இல்லை. செலவு பூஜ்யம்.

"போட்டோ திரும்ப வருமா தம்பி?"ன்னு கேட்டார். பழைய ஹார்ட் டிஸ்க்னா ரெக்கவரி மென்பொருள் போட்டுக் கொஞ்சமாவது மீட்கலாம். இது எஸ்எஸ்டி. ஃபார்மேட் ஆனதும் 'ட்ரிம்' கட்டளை போய், இடத்தைச் சுத்தமா காலி பண்ணிடும். "வராது சார்"னு சொல்றதைத் தவிர எனக்கு வேற வழி இல்லை. அவர் கடைக்காரரைத் திட்டக்கூட இல்லை. "பாவம், சின்னப் பையன்"னார். எனக்குத்தான் ஆறலை.

சரி, வேற எப்படிப் பாக்கணும்? ஒண்ணும் பிரம்மவித்தை இல்லை. ஃபோட்டோ, கணக்கு, டாக்குமெண்ட் எல்லாத்தையும் முதல்ல வெளியில காப்பி எடு. பிழை எண்ணைக் குறிச்சுக்க. எப்ப விழுதுன்னு பாரு: கேம் ஓடும்போதா, சும்மா இருக்கும்போதா, ஃப்ரிட்ஜ் கிளம்பும்போதா, கரண்ட் போய் இன்வெர்ட்டர் மாறும்போதா? எஸ்எம்பிஎஸ் சுமார் 16 மில்லிநொடிதான் கரண்ட் இல்லாம தாங்கணும்னு தரவிதி. சில இன்வெர்ட்டர்ல 'யுபிஎஸ் மோடு'னு ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதைப் போடாட்டி மாறுற நேரம் இதைவிடக் கூடும்.

ராமைக் கழட்டி, தங்க முலாம் பூசின பக்கத்தை ரப்பரால மெதுவா தேய்ச்சு, ஒவ்வொண்ணா போட்டு ஓட்டிப் பாரு. ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓட விடு, ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராம் ஆகாது. தூசி தட்டு, பிராசசர் சூட்டைப் பாரு. 12 வோல்ட் லைன் 11.4க்கும் 12.6க்கும் நடுவுல இருக்கணும். கடைசியா, நல்லா ஓடுற வேற எஸ்எம்பிஎஸ் ஒண்ணைக் கடன் வாங்கி மாட்டிப் பாரு. கேபினெட்டோட இலவசமா வர்ற, '450 வாட்'னு ஸ்டிக்கர் ஒட்டின காத்தாடி எஸ்எம்பிஎஸ் மேல எனக்கு எப்பவும் நம்பிக்கை கிடையாது.

இவ்வளவும் பாத்து, டிரைவரும் சிஸ்டம் ஃபைலும் சரி பண்ணியும் அடங்கலையா, இல்ல வைரஸ் ஆழமா வேர் விட்டுடுச்சுன்னு நிஜமாவே தெரிஞ்சுதா, அப்ப ஃபார்மேட் பண்ணு. நானே வந்து பண்ணித் தர்றேன்.

கடைக்காரங்களை மட்டும் திட்டிட்டுப் போறது நியாயம் இல்லை. அவங்க ஏன் ஃபார்மேட்டையே கட்டிக்கிட்டு அழறாங்க? அதுக்குத்தான் நாம காசு குடுக்கறோம். மூணு மணி நேரம் உக்காந்து ராமை மாத்தி மாத்திப் பாத்து, "ரீசெட் ஒயர்தான் சார், எடுத்து விட்டுட்டேன்"னு ஒருத்தர் சொன்னா, "எதையுமே மாத்தலையே, இதுக்கு எதுக்குய்யா ஐநூறு ரூபா?"ன்னு சண்டைக்குப் போவோம். அதே ஆள் ஃபார்மேட் அடிச்சு, திருட்டு விண்டோஸ் போட்டு, வால்பேப்பர் மாத்திக் குடுத்தா சிரிச்ச முகத்தோட குடுப்போம். டாக்டர் மாத்திரை எழுதலைன்னா ஃபீஸ் குடுக்க மனசு வராத அதே புத்தி. கண்டுபிடிக்கிற வேலைக்குக் கூலி இல்லாத ஊர்ல யாரு கண்டுபிடிப்பான்?

நம்ம ஆணி புடுங்கற கூட்டம் இதுல இன்னும் மோசம். ஆபீஸ்ல சர்வர் ஒரு தடவை விழுந்தா லாகைத் தோண்டி, மூலகாரணம் எழுதி, பத்து பேருக்கு மெயில் போடுறவங்க, மாமா வீட்டுப் பொட்டி விழுந்தா மட்டும் சோஃபால சாஞ்சுக்கிட்டு "ஃபார்மேட் பண்ணிடுங்க மாமா"ங்கறாங்க. கம்பெனியோட டேட்டான்னா டேட்டா, மாமாவோட டேட்டான்னா குப்பையா? சாஃப்ட்வேர்ல இருக்கிற பையன் சொல்லிட்டான்னு அவரும் நம்பிடறார்.

அதனால அடுத்த தடவை யாராவது "ஃபார்மேட் அடிச்சுடலாமா?"ன்னு கேட்டா, திருப்பி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எதனால ரீஸ்டார்ட் ஆச்சு?" பதில் தெரிஞ்சவர்கிட்ட பொட்டியைக் குடுங்க, கேக்கற காசையும் குடுங்க. தெரியாதவர்கிட்ட ஸ்க்ரூடிரைவரைக் கூடக் குடுக்காதீங்க.

டிஸ்கி: ஸ்க்ரூடிரைவரைத் தொடறதுக்கு முன்னாடி ப்ளக்கைப் பிடுங்கிடுங்க மக்களே. அப்புறம் எஸ்எம்பிஎஸ் டப்பாவையே பிரிக்கிற வீரம் மட்டும் வேணாம், கரண்டை எடுத்த பிறகும் உள்ள இருக்கிற கெப்பாசிட்டர் ஷாக் அடிக்கும். சந்தேகமா இருந்தா அதை முழுசா மாத்துங்க.