கல்லாச் சாவியும் பாஸ்வேர்டும்

இரவு கடையைச் சாத்தினால் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பது நம் வழக்கம். கல்லாச் சாவியைப் பெற்ற பிள்ளையிடம் கொடுக்கவே யோசிப்போம். ஆனால் இன்று கல்லாவில் பாதி செல்போனுக்குள்ளும், பேரேடு கம்ப்யூட்டருக்குள்ளும் போய்விட்டன. அவற்றுக்குச் சாவியான பாஸ்வேர்டோ பில் போடும் தம்பி, கணக்கு எழுதுபவர், பழுது பார்க்க வருபவர் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. சில கடைகளில் சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்திலேயே ஒட்டி வைத்திருக்கிறார்கள். இந்த நிலை மாற வேண்டும் என்பதே நம் கருத்து.

“நம்முடையது சின்ன மளிகைக் கடை, நம்மை யார் கவனிக்கப் போகிறார்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. 2017 மே மாதம் ‘வான்னாகிரை’ என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களை முடக்கியது. உள்ளே இருந்த கணக்குகளைப் பூட்டி வைத்துக்கொண்டு, திறந்துவிட முதலில் 300 டாலர் கேட்டது. அது பெரிய கம்பெனி, சிறிய கடை என்று பார்த்து வரவில்லை. எந்தக் கதவு திறந்திருந்ததோ அதில் நுழைந்தது. அந்தக் கதவை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் கம்பெனி மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. ‘அப்டேட்’ செய்யாமல் விட்ட கம்ப்யூட்டர்களே மாட்டிக்கொண்டன. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோடும் வழக்கமான திருத்தங்கள் நின்றுவிட்டன. பழைய கம்ப்யூட்டரில் பில் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். பற்று வரவு போனால் யார் எவ்வளவு பாக்கி என்று எதை வைத்துக் கேட்பது? ஆகவே தினமும், முடியாவிட்டால் வாரம் ஒருமுறையாவது, கணக்கைத் தனி பென்டிரைவில் நகல் எடுக்க வேண்டும். எடுத்த கையோடு அதைக் கழற்றி வீட்டில் வைக்க வேண்டும். சொருகியபடியே விட்டால் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். மாதம் ஒருமுறை அந்த நகல் சரியாகத் திறக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வது நல்லது.

பணத்தைப் பறிப்பவர்களுக்குப் பெரிய கம்ப்யூட்டர் வித்தை தெரிய வேண்டியதில்லை. நம் அவசரமும், ஆர்டர் வந்த சந்தோஷமும் அவர்களுக்குப் போதும். ராணுவ அதிகாரி என்று போனில் பேசுவார்கள். முகாமுக்கு அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் வேண்டும் என்பார்கள். “முன்பணம் அனுப்புகிறோம், இந்தக் க்யூஆர் படத்தை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்” என்பார்கள். போட்டவுடன் பணம் நம் கணக்கிலிருந்து போய்விடும். 2016ல் வந்த யுபிஐ முறையில் விதி ஒன்றுதான்: பின் நம்பர் பணம் கொடுப்பதற்கு, வாங்குவதற்கு அல்ல. கல்லாவில் உட்காருகிற ஒவ்வொருவருக்கும் இதை மனப்பாடமாகச் சொல்லி வைக்க வேண்டும்.

கடையில் ஒட்டிய க்யூஆர் அட்டைமேல் வேறு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. காலையில் கடை திறந்ததும் 1 ரூபாய் அனுப்பி, யார் பெயர் வருகிறது என்று பார்த்தால் சந்தேகம் தீர்ந்தது. வாடிக்கையாளர் காட்டும் போன் திரையை நம்பிச் சரக்கைக் கொடுக்க வேண்டாம். பணம் அனுப்பியது போலப் படம் காட்டவே போலி ஆப்கள் இருக்கின்றன. நம் கணக்கில் வரவு வந்தால்தான் வரவு.

மொத்த வியாபாரத்தில் வரும் மோசடி வேறு மாதிரி. நாம் சரக்கு எடுக்கும் மில்லின் பெயரில், அதே லெட்டர்பேடில், “எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடவும்” என்று மெயில் வரும். உடனே லட்சக்கணக்கில் அனுப்பிவிடக் கூடாது. நம் டைரியில் உள்ள பழைய நம்பருக்குப் போன் செய்து கேட்ட பிறகே அனுப்ப வேண்டும். மெயிலில் உள்ள நம்பருக்குப் போன் செய்தால் திருடனே ஆமாம் என்பான்.

பேங்க், மெயில், ஜிஎஸ்டி தளம் மூன்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு கூடாது. ஜிஎஸ்டியில் பதிவான செல் நம்பரும் மெயிலும் முதலாளியுடையதாகவே இருக்கட்டும். பில் போடுபவர்களுக்கு ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்து, ஒருவர் வேலையை விட்டால் அன்றே அதை நீக்கிவிட வேண்டும். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு வந்தால் தொடவே கூடாது. பத்திரிகை படமாக வரும், ஆப்பாக வராது.

இவ்வளவுக்கும் மேலாக நாம் வலியுறுத்துவது ஒன்று உண்டு. ஏமாந்தவர் அதை மறைக்கக் கூடாது. கடைக்காரனே ஏமாந்தான் என்று ஊர் சிரிக்குமே என்று முதலாளி மறைக்கிறார். சம்பளத்தில் பிடிப்பார்களே என்று பையன் மறைக்கிறான். அந்த நேரத்தில் பணம் நாலு கணக்கு மாறி எடுக்கப்பட்டுவிடுகிறது. மத்திய அரசின் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்தால், பணம் வெளியே போகும் முன் பேங்க்குகள் அதை நிறுத்தி வைக்க வழியிருக்கிறது. மணிக்கணக்கில் தாமதித்தால் அந்த வழி அடைபடும். நம் பேங்க்குக்கும் அப்போதே சொல்ல வேண்டும். ஆகவே 1930 என்று கல்லாவுக்கு மேலே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். “தப்பு நடந்தால் உடனே சொல், திட்டமாட்டேன்” என்று வேலையாட்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

நம் சங்கத்துக்கும் ஒரு கடமை உண்டு. மாதாந்திரக் கூட்டத்தில் கால் மணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம். எந்தக் கடைக்கு எந்த மாதிரி போன் வந்தது என்று, கடைப் பெயரைச் சொல்லாமல், எல்லோருக்கும் அறிவிக்கலாம். சைபர் கிரைம் போலீஸ் அதிகாரியை வருடம் ஒருமுறை அழைத்துப் பேசச் சொல்லலாம். கள்ள நோட்டு ஒரு கடைக்கு வந்தால் பக்கத்துக் கடைக்குச் சொல்லி உஷார்ப்படுத்துவது நம் பெரியவர்கள் காலத்துப் பழக்கம். அதே பழக்கத்தை இதிலும் கடைப்பிடிப்போம். வணிகர் ஒற்றுமை ஓங்குக!