போனக்காட்டுக்கு சோப்பு மட்டும் போதுமா?

விதுராவுக்கு அப்பால், அகஸ்தியர் மலையடிவாரத்தில் இருக்கிறது போனக்காடு. அங்குள்ள தேயிலைத் தோட்டம் முடங்கி ஆண்டுகள் பல ஆகின்றன. கொழுந்து கிள்ளிப் பழகிய தமிழ்ப் பெண்கள் லயங்களை விட்டுப் போக வழியின்றி வெளியே கூலி வேலை தேடுகிறார்கள். இத்தகைய இடங்களுக்கு எல்லோரும் எளிதாகச் சொல்லும் யோசனை ஒன்று உண்டு: 'மூலிகை சோப்பு செய்து பிழைக்கலாமே!'

கேலிக்குரிய யோசனையல்ல. 1969-ல் மலையாளியான டாக்டர் வி. பி. சித்தன் சென்னையில் தம் வீட்டிலேயே, மனைவியின் துணையோடு, கையால் செய்யத் தொடங்கியதுதான் 'மெடிமிக்ஸ்'. பிழைக்கப் போன ஊரில் பிறந்த தொழில் அது. ஆனால் அவர் ரயில்வே மருத்துவர். மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தது.

லயத்துப் பெண்ணுக்கு அது ஏது? ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 180 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். 'இயற்கை' என்று உறையில் அச்சடித்தாலும் இந்தக் காரம் இன்றி சோப்பு இல்லை. கை தவறினால் தோலை அரித்துவிடும். காய்ச்சாமல் வார்த்த கட்டி பக்குவப்பட நான்கு வாரமாவது ஆகும். விற்பதற்கோ மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் தேவை. அதுவரை அரிசிக்கு என்ன வழி?

பயிற்சி முகாம் நடத்திச் சான்றிதழ் வழங்குவது சுலபம். தோட்டத்தில் உழைத்தவர்களுக்குச் சேர வேண்டிய கூலிப் பாக்கியும் பணிக்கொடையும் ஒரு காசு குறையாமல் முதலில் கைக்கு வரட்டும். எண்ணெய் வாங்க அவர்களுக்கு வேறு முதல் கிடையாது.