வாடகை வீட்டில் ஒரு சாவு

சென்னையில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு ஹவுஸ் ஓனர் கேட்கும் கேள்விகள் மனப்பாடமாகத் தெரியும். எத்தனை பேர், என்ன வேலை, சைவமா அசைவமா... நடுவில் ஒரு கேள்வி வரும்: "வயசானவங்க யாராவது கூட இருக்காங்களா?" அக்கறையாகக் கேட்பது போலத்தான் இருக்கும். பல நேரம் அதன் அர்த்தம் வேறு. இந்த வீட்டில் சாவு விழுமா என்பதுதான் கேள்வி!

விழுந்தால்? ஆஸ்பத்திரியில் இறந்தவரை வீட்டுக்குக் கொண்டுவரவே விடாத ஓனர்கள் இருக்கிறார்கள். ஐஸ் பெட்டி வைக்க இடமில்லாமல் நேராக மயானத்துக்குப் போகிற குடும்பங்களும் இருக்கின்றன. வீட்டிலேயே உயிர் போனால், பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் "எப்ப காலி பண்றீங்க?" வந்துவிடும். அவிட்டம் முதல் ரேவதி வரை ஏதாவதொரு நட்சத்திரத்தில் இறந்துவிட்டால் தனிஷ்டா பஞ்சமி, ஆறு மாதம் அடைப்பு. அந்த வாடகையையும் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளப் பார்ப்பவர்கள் உண்டு. (வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடிப்பது தனிக் கணக்கு.)

ஓனர் எல்லாரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. மாடி வாடகையை நம்பியே சாப்பிடுகிற ரிட்டயர்ட் ஆசாமிகள்தான் பாதிப்பேர். அடுத்து வருகிறவர் விசாரிப்பார், பக்கத்து வீட்டு மாமி விவரமாகச் சொல்லிவிடுவார், வீடு காலியாகவே கிடக்கும் என்ற பயம் பொய்யில்லை. ஆனால் அந்த நஷ்டத்தைத் துக்க வீட்டுக்காரர்கள் ஏன் சுமக்க வேண்டும்? சாவு என்ன வாடகை பாக்கியா, ஒப்பந்தத்தை மீறிய குற்றமா?

சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. தமிழ்நாட்டின் 1960ஆம் ஆண்டு வாடகைச் சட்டமே, இறந்தவரோடு அதே வீட்டில் வாழ்ந்த குடும்பத்தாரையும் வாடகைதாரராகத்தான் கருதியது. அதற்குப் பதிலாக 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்திலும், ஒப்பந்தத்தில் மிச்சமுள்ள காலத்துக்கு அந்த உரிமை கூட வாழ்ந்த கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள் என்று போகிறது. அப்பா இறந்த மறுநாளே அம்மா பெட்டி கட்ட வேண்டியதில்லை. இது தெரியாமல் காலி செய்கிறவர்கள்தான் அதிகம்.

தனியாக இருந்தவர் இறந்தால் சிக்கல் வேறு. இங்கே ஓனருக்குத்தான் நிதானம் வேண்டும். பூட்டிய கதவை உடைக்காமல் முதலில் போலீசுக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் வேலை முடிந்தபிறகும், வீடு தன்னுடையது என்பதற்காக உள்ளே இருக்கும் சாமானை அள்ளி வெளியே போடக் கூடாது. பாஸ்புக், நகை, சர்டிபிகேட் எல்லாம் வாரிசுகளின் சொத்து. ஒன்று காணாமல் போனாலும் முதல் சந்தேகம் சாவி வைத்திருப்பவர் மேல்தான் விழும். நாலு பேர் முன்னிலையில் பட்டியல் போட்டு, செல்போனில் வீடியோ எடுத்து, பூட்டி வைப்பதே அவருக்கும் பாதுகாப்பு. அட்வான்ஸ் பாக்கியையும் முதலில் வந்து நிற்கிற சொந்தக்காரரிடம் நீட்டிவிடாமல், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழைப் பார்த்துக் கொடுப்பது நல்லது.

இந்தப் பயம் நம்மூருக்கு மட்டும் சொந்தமில்லை. தனியாக வாழும் முதியவர்கள் பெருகிவிட்ட ஜப்பானிலும் அவர்களுக்கு வாடகை வீடு கிடைப்பது கஷ்டம். காவல்துறைக் கணக்குப்படி 2024இல் அங்கே வீட்டில் தனியாக இறந்தவர்கள் 76,020 பேர். 65 வயதைத் தாண்டியவர்கள் மட்டும் 58,044. முதுமையிலோ நோயிலோ இயல்பாக நேர்ந்த மரணத்தை அடுத்த வாடகைதாரரிடம் பொதுவாகச் சொல்லத் தேவையில்லை என்று 2021இல் அந்த அரசே வழிகாட்டுதல் வெளியிட்டது. தற்கொலை, கொலை, பல நாள் கவனிக்கப்படாமல் கிடந்த உடல் என்றால் ஏறக்குறைய மூன்று வருடம் வரை சொல்ல வேண்டும்.

இங்கே அவ்வளவு தூரம் போவதற்கு முன், வாடகை ஒப்பந்தத்திலேயே இரண்டு வரி சேர்க்கலாம். ஏதாவது ஆனால் யாருக்குப் போன் செய்வது, சாமானை யார் வந்து எடுப்பது. ஆணி அடிக்கக் கூடாது என்பதையெல்லாம் மறக்காமல் எழுதுகிற பத்திரத்தில் இதற்கு மட்டும் இடமில்லையா என்ன? அபசகுனம் என்பார்கள். இன்ஷூரன்ஸ் பாரத்தில் நாமினி பெயர் எழுதும்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை.