கடுகு டப்பாவின் வயது



அந்தமானிலுள்ள குட்வில் எஸ்டேட்டில் ஒரு வீட்டிற்கு ஜெபிக்கச் சென்றிருந்தேன். புறப்படும் வேளையில் அவ்வீட்டுச் சகோதரி இரண்டு கடுகுகளைக் கொண்டுவந்து முன்வைத்தார். ஒன்று, சென்னையிலிருக்கும் மகள் கப்பலில் அனுப்பிய, பிரிக்காத பொட்டலம்; அதில் அச்சிட்ட தேதி கடந்து நான்கு மாதமாயிற்று. மற்றொன்று, அண்மையில் வாங்கி அடுப்பருகே வைத்திருந்த தகர டப்பா. "எதைக் கொட்டட்டும், பாஸ்டர் ஐயா?" என்றார். கடுகுவிதையைக் குறித்து எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன்; டப்பாவிலிருக்கும் கடுகைக் குறித்து அன்றுதான் ஒருவர் கேட்டார்.

பொட்டலத்தின் தேதி, தரம் குறையாதிருக்கும் காலத்தைக் காட்டுவது. மறுநாளே அது நஞ்சாகிவிடும் என்பதன்று. உலர்ந்த முழுக்கடுகு, காற்றுப் புகாத பாத்திரத்தில் இரண்டு மூன்று ஆண்டுகள்கூட நன்றாயிருக்கும். காரத்தை உண்டாக்கும் பொருளும் அதைத் தூண்டும் நொதியும் விதைக்குள் தனித்தனியே இருக்கின்றன. இடித்து நீர் படும்போதுதான் அவை ஒன்றுசேர்கின்றன. ஆகவேதான் அரைத்துவைத்த பொடி சில மாதங்களில் மணமிழக்கிறது. பொடியாக வாங்காதீர்கள்.

சோதிக்கும் விதம் இது: அரைத் தேக்கரண்டி கடுகை நசுக்கி, குளிர்ந்த நீர் சில துளி விட்டு, பத்து நிமிடம் வையுங்கள். மூக்கில் ஏறினால் வீரியம் உண்டு. வெந்நீர் கூடாது, வெப்பம் அந்த நொதியைச் செயலிழக்கச் செய்யும். எண்ணெயில் வெடிப்பதை அடையாளமாகக் கொள்ளாதீர்கள். விதைக்குள்ளிருக்கும் ஈரம் ஆவியாவதால் அது வெடிக்கிறது. வீரியம் குன்றிய கடுகும் வெடிக்கும். அப்படிப்பட்டது தாளிக்க உதவும். ஊறுகாய்க்கும், அங்குள்ள வங்காளிகள் அரைத்துவைக்கும் மீன் குழம்பிற்கும் உதவாது.

இரண்டு பருவமழைகளும் பெய்யும் அத்தீவுகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை உண்டு. மும்பையிலோ சென்னையிலோ கடலருகே குடியிருக்கும் உங்களுக்கும் ஈரக்காற்று புதிதல்ல. கடுகின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் சிக்கல் வாடை வந்துவிடும். வெயிலில் உலர்த்தி, முற்றிலும் ஆறிய பின்பே மூடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்க்கும். பெரிய புட்டியை அலமாரியில் வைத்து, சிறு டப்பாவில் வாரத்திற்கு வேண்டியதை மட்டும் எடுங்கள். ஈரக் கரண்டி வேண்டாம். பழையதன்மேல் புதியதைக் கொட்டவும் வேண்டாம். இதை எல்லோரும் செய்கிறோம், என் வீட்டிலும்தான். கட்டியாகி, பூஞ்சை வாடை வீசினால் முழுவதையும் எறியுங்கள். வறுத்தாலும் பூஞ்சையின் நஞ்சு போய்விடாது.

சில்லறைக் கடுகு வாங்குவோர் ஒன்றை மறவாதீர்கள். பிரமதண்டு விதை பார்வைக்குக் கடுகைப் போலிருக்கும். 1998இல் டெல்லியில் அதன் எண்ணெய் கலந்த கடுகெண்ணெயை உண்டு அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடுகு வழுவழுப்பானது, நசுக்கினால் உள்ளே மஞ்சள். பிரமதண்டு சொரசொரப்பானது, உள்ளே வெண்மை.

அன்று அச்சகோதரி இரண்டையும் நசுக்கிப் பார்த்தார். தேதி கடந்த பொட்டலம் அவர் கண்களில் நீர் வரவழைத்தது. தேதி மிச்சமிருந்த டப்பாவின் அடியிலோ கடுகு கட்டியாய் ஒட்டியிருந்தது. அதைக் கொண்டுபோய்க் குப்பைக்குழியில் கொட்டிவிட்டு, டப்பாவைக் கழுவி வெயிலில் கவிழ்த்தார்.