பழகிய உடம்பு என்னும் பொய்

ஒட்டுண்ணி நோய்கள் கடல் கடந்து வந்த சிப்பாய்களைத்தான் வாட்டின, ரப்பர் தோட்டத் தமிழருக்கு அது பழகிய உடம்பு என்று ஜொகூரின் தம்போயில் ஓர் இரண்டாம் உலகப் போர் நினைவுக் கூட்டத்தில் ஒருவர் பேசினார். கைதட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

1941 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் 2/13-ஆவது பொது மருத்துவமனை இயங்கியது இதே தம்போய் மனநல மருத்துவமனையில்தான். சிப்பாயோடு மருத்துவரும் தாதியும் வந்தார்கள். ஜப்பானியரிடம் கைதியாகிச் சயாமுக்கு ரயில் பாதை போடப் போன பிறகும் மருத்துவர்கள் உடன் இருந்தார்கள். கழிவுக்குழி வெட்டவைத்தார்கள், தண்ணீரைக் கொதிக்கவைத்தார்கள், யாருக்கு என்ன நோய் என்று எழுதிவைத்தார்கள். அதே வேலைக்குத் தோட்டத்திலிருந்து ஏற்றிச்சென்ற தமிழனுக்கு இவற்றில் எது கிடைத்தது?

சயாம்-பர்மா மரண ரயில் பாதையில் 60,000-க்கு மேற்பட்ட போர்க்கைதிகளில் ஐந்தில் ஒருவர் மாண்டார். ஆசியத் தொழிலாளர் ஏறக்குறைய 2 லட்சம் பேரில் மாண்டவர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்பது மதிப்பீடு. காலராவும் பட்டினியும் கொன்றது போக, மலேரியாவும் அமீபா வயிற்றுக்கடுப்பும் கொன்றன. பழகிய உடம்பென்றால் அவர்கள் ஏன் கைதிகளைப் போல இரண்டு மடங்கு விகிதத்தில் செத்தார்கள்?

மலேரியாவைத் தாங்கும் சக்தி திரும்பத் திரும்பக் கடிபட்டால் ஓரளவு வரும். கடி நின்றால் குறையும். 1901-இல் மலாயாவின் கிள்ளானில் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்துக் கொசுவை ஒடுக்கினார். பிறகு தோட்டங்களிலும் வடிகால் வெட்டினார்கள், எண்ணெய் தெளித்தார்கள். அந்தப் பாதுகாப்பில் வளர்ந்தவர்களைத்தான் ஜப்பானியர் கொய்னா இல்லாத காட்டில் கொண்டுபோய்த் தள்ளினார்கள். இதைப் படிக்காமல் மேடை ஏறுவது இறந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

அந்தப் பேச்சாளர் “முடிந்துபோன கதை” என்றும் சொன்னார். ஸ்ட்ராங்கிலாய்டஸ் புழுவுக்கு அது முடியவில்லை. வெறுங்காலில் துளைத்து ஏறும் அதன் குஞ்சு, ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டை வழியாகக் குடலில் இறங்குகிறது. இரண்டு மில்லிமீட்டர் நீளப் பெண்புழு அங்கே முட்டையிடும். பொரிந்த குஞ்சுகளில் சில வெளியேறாமல் அதே உடம்பைத் துளைத்து மறுபடி சுற்றும். இடுப்பிலும் பிட்டத்திலும் ஓடும் அரிப்புக்கோடு அதன் தடம். இப்படியே ஆயுள் முழுக்க இருக்கும். ஸ்டீராய்டு கொடுத்தால் திடீரென்று பெருகிக் கொல்லவும் செய்யும்.

கைதியாக இருந்து திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்களில் சோதிக்கப்பட்டவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேரிடம் இந்தப் புழு இருந்ததை லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரி 1979-இல் எழுதியது, விடுதலையாகி முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும். தேடியதால் கிடைத்தது. அதே சேற்றில் வெறுங்காலோடு நின்ற நம் தாத்தாமார் மரம் சீவத் திரும்பினார்கள். அவர்கள் மலத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க யாரும் கேட்கவில்லை. அந்தப் புறக்கணிப்பைத்தான் இவர் எதிர்ப்புச் சக்தி என்கிறார்.