ராஜபாளையம் நாய்க்குப் பச்சைக் கறி: பாரம்பரியமா, இன்ஸ்டா டிரெண்டா?

"நாய் ஓநாயோட வாரிசு. ஓநாய் என்ன சமைச்சா சாப்பிடுது?" நாய்களுக்குப் பச்சைக் கறி கொடுக்கச் சொல்லும் ரீல்ஸ் பலவும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் ஓடுகின்றன. ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நாட்டு நாய்கள் என்றால் கூடவே இன்னொரு வாதமும் வரும்: "இது வேட்டை நாய். பச்சைக் கறிதான் இதுக்கு ஒரிஜினல் சாப்பாடு."

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது உண்மையா?

திடீர்னு ஏன் இந்தப் பேச்சு?

நாட்டு நாய்களுக்கு இப்போது நல்ல காலம். 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. அதில் ராஜபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்ட் 'மன் கீ பாத்' உரையில் பிரதமர் மோடி ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை இனங்களின் பெயரைச் சொன்னார். வ.புதுப்பட்டி, வத்திராயிருப்பு பக்கம் தென்னந்தோப்புக்கும் மாந்தோப்புக்கும் காவல் இருந்த நாய், இன்று சென்னை, பெங்களூரு அபார்ட்மென்ட்களிலும் வளர்கிறது. இடம் மாறியதும் 'இதுக்கு என்ன போடுறது?' என்ற கேள்வியும் வந்துவிட்டது.

அதற்கு ரெடிமேடாகக் கிடைத்த பதில்தான் 'பார்ஃப்' டயட். பச்சை இறைச்சி, பச்சை எலும்பு, ஈரல், கொஞ்சம் காய்கறி. இதைப் பிரபலப்படுத்தியவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் என்ற ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர். அவருடைய புத்தகம் 1993-ல் வந்தது. அதாவது, 'ஆதிகால உணவு' என்று சொல்லப்படும் இந்த டயட்டுக்கு வயது முப்பது சொச்சம்தான்.

ஓநாய் வேற, நாய் வேற

2013-ல் 'நேச்சர்' இதழில் ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்க உதவும் ஏஎம்ஒய்2பி என்ற மரபணு, ஓநாய்க்குப் பொதுவாக 2 பிரதிதான் இருக்கும். நாய்களுக்கோ 4 முதல் 30 வரை இருந்தது. மனிதன் போட்ட சோற்றைத் தின்று தின்றே நாயின் உடம்பு மாறியிருக்கிறது.

நம்ம ஊர் அனுபவமும் இதைத்தான் சொல்கிறது. கரிசல் காட்டு விவசாய வீடுகளில் நாய்க்குத் தினமும் கறி போட யாருக்கு வசதி இருந்தது? கூழ், சோறு, வீட்டில் மிஞ்சிய குழம்பு, எப்போதாவது முயல் வேட்டைக்குப் போனால் அதில் ஒரு பங்கு. அவ்வளவுதான். நாட்டு நாய் பச்சைக் கறியிலேயே வளர்ந்தது என்பது வரலாறு அல்ல, விளம்பரம்.

ஆபத்து நாய்க்கு மட்டும் இல்லை

முக்கியமான விஷயம் இதுதான். அமெரிக்க எஃப்டிஏ 2010 முதல் 2012 வரை நடத்திய ஆய்வில், 196 பச்சை உணவு மாதிரிகளில் 15-ல் சால்மோனெல்லாவும், 32-ல் லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸும் இருந்தன. சால்மோனெல்லா உள்ள நாய் பார்க்க நன்றாகவே இருக்கலாம். ஆனால் அதன் எச்சிலிலும் மலத்திலும் கிருமி வெளியேறும். அதே வாய்தான் குழந்தையின் முகத்தை நக்குகிறது. கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர், கீமோதெரபி எடுப்பவர் இருக்கும் வீடுகளில் இது விளையாட்டு விஷயம் இல்லை.

'ஃப்ரீசர்ல வெச்சா கிருமி செத்துடும்' என்பதும் தப்பு. உறைநிலை சில ஒட்டுண்ணிகளைக் கொல்லும். சால்மோனெல்லாவைப் பெரும்பாலும் தூங்கத்தான் வைக்கும்.

கறிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் கோழிக் கழுத்து, தலை, கால் விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை. பச்சைக் கோழி இறைச்சி தின்னும் நாய்களுக்கு, கேம்பிலோபேக்டர் கிருமியோடு தொடர்புடைய ஒரு நரம்பு நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வு 2018-ல் கண்டறிந்தது. முதலில் பின்னங்கால் தளரும், பிறகு முன்னங்கால். 2024 டிசம்பர் இறுதியில் நாக்பூர் கோரேவாடா மையத்தில் 3 புலிகளும் ஒரு சிறுத்தையும் பறவைக் காய்ச்சலுக்குப் பலியானதும் நினைவிருக்கும். அப்போதும் சந்தேகம் இரையாகப் போட்ட கோழிக்கறி மீதே விழுந்தது.

கிராமத்துப் பக்கம் இன்னொரு பழக்கம் உண்டு. ஆடு அறுக்கும் இடத்தில் கழிவு ஈரலையும் நுரையீரலையும் நாய்க்கு வீசிவிடுவது. அதில் நீர்க்கட்டி இருந்தால், எக்கினோகாக்கஸ் நாடாப்புழு நாயின் குடலில் வளரும். அதன் முட்டை மலம் வழியாக மண்ணுக்கும் தண்ணீருக்கும் வந்து மனிதருக்குள் போனால், ஈரலிலோ நுரையீரலிலோ கட்டியாக வளரும். பல வருஷம் வெளியே தெரியாது. கடைசியில் ஆபரேஷன் வரை போகலாம்.

வெறும் கறி, முழுச் சாப்பாடு இல்லை

எலும்பில்லாத 100 கிராம் கோழிக்கறியில் பாஸ்பரஸ் சுமார் 200 மில்லிகிராம், கால்சியம் சுமார் 10 மில்லிகிராம்தான். நாய்க்குக் கால்சியம், பாஸ்பரஸை விடக் கொஞ்சம் கூடுதலாகவே தேவை. வளரும் குட்டிக்கு வெறும் கறியே போட்டால், உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவ ஆரம்பிக்கும். கால் வளையும், சின்னதாகக் குதித்தாலே எலும்பு முறியும். வேகமாக உயரும் ராஜபாளையம் குட்டிக்கு இது இன்னும் பெரிய ஆபத்து.

அதற்காகச் சமைத்துப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2013-ல் 200 வீட்டு நாய் உணவுச் செய்முறைகளை அலசினார்கள். 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு அத்தியாவசியச் சத்தாவது குறைவாக இருந்தது. சமைப்பது கிருமியைத்தான் தீர்க்கும். சத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும்.

சரி, என்னதான் போடலாம்?

* கறியையும் ஈரலையும் நன்றாக வேகவைத்து, சோறு அல்லது கம்பு, கேழ்வரகோடு கலந்து, மசாலா இல்லாமல் கொடுக்கலாம். கூட பூசணி, கேரட், அவித்த முட்டை.

* ஈரல் கொஞ்சமாகப் போதும். அதிகமானால் வைட்டமின் ஏ மிஞ்சும்.

* கால்சியத்துக்கு என்ன, எவ்வளவு என்பதை எடையையும் வயதையும் சொல்லிக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். குட்டிக்கு இது கட்டாயம்.

* ஞாயிற்றுக்கிழமை பிரியாணி மிச்சம் வேண்டாம். வெங்காயம், பூண்டு இரத்த சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும்.

* குடற்புழு மருந்தைத் தவறாமல் கொடுங்கள். நாய்த் தட்டைத் தனியாகக் கழுவுங்கள், கையையும்தான்.

பொறுப்பு யாருக்கு?

அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012-லேயே பச்சை இறைச்சி உணவை ஊக்குவிக்கக் கூடாது என்று கொள்கை வகுத்துவிட்டது. இங்கே குட்டி வாங்குபவருக்குக் கிடைப்பது விற்பவர் சொல்லும் வாய்வார்த்தையும், யூடியூப் வீடியோவும்தான். நாட்டு இனங்களைப் பெருமையாகப் பேசும் அரசு, ஒவ்வொரு குட்டியோடும் தமிழில் ஒரு பக்க உணவு அட்டையைக் கொடுக்க ஏற்பாடு செய்யலாம். அதைத் தயாரிக்கும் திறமை தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு இருக்கிறது. பெரிய செலவும் இல்லை.

நாட்டு நாயைக் காப்பாற்றுவது என்றால் இனத்தின் பெயரைக் காப்பாற்றுவது மட்டும் இல்லை. அதன் எலும்பையும், அது வாழும் வீட்டில் இருக்கும் குழந்தையின் வயிற்றையும் சேர்த்துக் காப்பாற்றுவதுதான். அதுக்கு அடுப்பைப் பத்த வைக்கிற பத்து நிமிஷம் பெரிய விலை இல்லை.