ஏழைப் பிரயாணியின் ரயில்

2022 நவம்பரில் சென்னை–மைசூர் மார்க்கத்திலும், 2023 ஏப்ரலில் சென்னை–கோயமுத்தூர் மார்க்கத்திலும் வந்தே பாரத் வண்டிகள் ஓடத் தொடங்கின. வேகத்தை நாம் வெறுப்பவரல்லர். ஆனால் காலையில் அடுத்த ஊருக்கு வேலைக்குச் சென்று மாலையில் வீடு திரும்பும் ஏழைப் பிரயாணியின் கதி என்ன?

2020-ல் கொள்ளை நோயை முன்னிட்டு நிறுத்தப்பட்ட பாஸஞ்சர் வண்டிகள், பின்னர் 'எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்' என்ற பட்டத்துடன் திரும்பி வந்தன. பட்டம் உயர்ந்ததேயன்றிப் பிரயாணிக்குச் சௌகரியம் உயரவில்லை. குறைந்தபட்சக் கட்டணமோ 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாயிற்று. நோய் தணிந்த பின்னும் நீங்காதிருந்த இச்சுமை, 2024 பிப்ரவரியில், பொதுத் தேர்தல் நெருங்கிய தறுவாயில் நீங்கிற்று. இதன் பொருளை ஜனங்களே ஊகித்துக்கொள்வார்கள்.

மதுரை–போடி மார்க்கத்தைப் பாருங்கள். அகலப் பாதையாக்குவதற்கென 2010 முடிவில் மூடப்பட்ட அப்பாதையில், தேனிக்கு 2022 மே மாதத்திலும் போடிக்கு 2023 ஜூனிலுந்தான் ரயில் மீண்டும் வந்தது. சுமார் 90 கிலோ மீட்டருக்குப் பன்னிரண்டு வருஷம்! அதுவரை அப்பக்கத்து ஜனங்களுக்கு பஸ்ஸே கதி. சீர்திருத்தத்தின் பெயரால் உள்ளதையும் இழந்து காத்திருப்பவன் எப்பொழுதும் ஏழைதானா?

1924 முதல் தனியே சமர்ப்பிக்கப்பட்டு வந்த ரயில்வே பட்ஜெட், 2017-ல் பொது பட்ஜெட்டுடன் இணைக்கப்பட்டது. ரயில்வேயின் குறைகளில் தேசத்தின் கவனம் முழுவதும் திரும்பும் தினமொன்று அத்துடன் மறைந்தது. ஆகவே நமது பார்லிமெண்டு அங்கத்தினர்களின் பொறுப்பு இரட்டித்திருக்கிறது. புது வண்டிக்குக் கொடியசைத்தால் மட்டும் போதாது. கிளைப் பாதைதோறும் காலையும் மாலையும் மலிவான வண்டி வேண்டுமென்று அவர்கள் வாதாட வேண்டும். 1917-ல் மூன்றாம் வகுப்புப் பிரயாணிகளின் இன்னல்களை எடுத்தெழுதிய காந்தியடிகள் காட்டிய வழி அதுவே.